கோபமே வராத பெண்

என்னைப் பெண் பார்க்க வாலாஜாவிலிருந்து வந்தவர்களிடம் என் பெரியம்மா முதலில் சொன்னது, "எங்க பொண்ணுக்குக் கோவம்னா இன்னான்னே தெரியாதுங்க" என்பதுதான். அதில் பொய் இல்லை. அன்று எனக்கு 25 வயது. அதுவரை நான் எவரிடமும் குரலை உயர்த்தியதில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததில்லை, யாரோடும் சண்டை போட்டதாக ஊரில் ஒருவர்கூடச் சொல்லிவிட முடியாது. சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்று அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. 7 ஆண்டுகள் கழித்து ஒரு மனநல மருத்துவரின் எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான், எந்தக் குணத்துக்காக எல்லோரும் என்னைப் பாராட்டினார்களோ, அந்தக் குணத்துக்குள்ளேயே என் நோய் அத்தனை காலமும் குடியிருந்தது என்பது தெரியவந்தது.

பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். தமிழில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்பார்கள். வீட்டில் சொன்னபோது என் தம்பி, "பார்டர்னா லேசாத்தானேக்கா கீது? அப்பாவுக்கு சுகர் பார்டர்ல கீதுன்னு சொன்ன மாதிரிதானே?" என்று கேட்டான். என்னைத் தேற்றுவதற்காகக் கேட்டான். ஆனால் அந்தப் பெயர் எல்லோரையுமே அப்படித்தான் தவறாக எண்ண வைக்கிறது. நியூரோசிஸ் (பதற்றம் போன்ற மனத் தொல்லைகள்), சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) என்ற இரண்டு பிரிவுகளுக்குள்ளும் அடங்காமல் இடையில் நின்ற நோயாளிகளைக் குறிப்பதற்காக 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க மருத்துவர் கையாண்ட சொல் அது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அதைத் தனி நோயாகச் சேர்த்தபோது பழைய பெயரையே வைத்துக்கொண்டது. நோய் எவ்வளவு கடுமையானது என்பதற்கும் அந்த 'எல்லை'க்கும் தொடர்பே இல்லை.

கையேடு 9 அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது 5 நீண்டகாலமாக இருக்கவேண்டும். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் முதலில் அதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9-இல் 5-உம் அதற்கு மேலும் அமையக்கூடிய சேர்க்கைகள் 256 வருகின்றன. ஒரே நோய் உள்ள இருவருக்கு ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கவும் கூடும். இதை அறிந்தபோது எனக்கு இருந்த ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தது. ஏனென்றால் இந்த நோயைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதெல்லாம் கத்துபவர்கள், பொருள்களை உடைப்பவர்கள், நள்ளிரவில் நாற்பது முறை போன் செய்பவர்கள் பற்றித்தான். நான் அதில் எதையும் செய்ததில்லை. அதே கொந்தளிப்பு எனக்குள்ளும் இருந்தது. வெளியே போக வழியில்லாததால் முழுவதும் என் பக்கமே திரும்பியது. இப்படி உள்முகமாகத் திரும்பிய வடிவத்துக்குக் கையேட்டில் தனிப் பெயர் கிடையாது. அமைதியான பார்டர்லைன் என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். தியோடர் மில்லன் என்ற உளவியலாளர் வகுத்த 4 துணை வகைகளில் ஒன்று, மனம் சோர்ந்து ஒடுங்கிப்போன வகை, இதற்கு நெருங்கி வருகிறது.

அது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பஸ்ஸில் நடந்ததைத்தான்.

ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலை 7.40-க்குச் சத்துவாச்சாரியில் கம்பெனி பஸ் ஏறினால், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் என் தோழி எனக்காக ஜன்னலோர இடத்தில் தன் பையை வைத்திருப்பாள். நான்கு ஆண்டுகளாக அப்படித்தான். ஒரு திங்கட்கிழமை நான் ஏறியபோது அந்த இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருவரும் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தோழி என்னைப் பார்த்துப் பின்னால் இடம் இருப்பதாகக் கையைக் காட்டினாள். நானும் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போனேன். நடந்தது அவ்வளவுதான்.

ஆர்காடு வருவதற்குள் எனக்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பதல்ல, எப்போதுமே பிடித்ததில்லை, இரக்கப்பட்டு இத்தனை நாள் இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டேன். நேற்றுவரை உலகத்திலேயே நல்லவளாக இருந்தவள் அரைமணி நேரத்தில் அந்நியள் ஆகிவிட்டாள். அதைவிட வேகமாக அடுத்த எண்ணம் வந்தது: அவள் செய்தது சரிதான், என்னோடு உட்கார யாருக்குத்தான் பிடிக்கும். மதியம் டப்பாவைத் திறக்காமலேயே வைத்திருந்தேன். பசி இல்லாததால் அல்ல, எனக்குச் சாப்பிடத் தகுதியில்லை என்று தோன்றியதால். மறுநாள் முதல் கம்பெனி பஸ்ஸை விட்டு அரசுப் பேருந்தில் போகத் தொடங்கினேன். 11 நாள் அப்படிப் போனேன். அவள் கேட்டபோது, வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அதனால் நேரம் மாறிவிட்டது என்று முகம் மலரச் சொன்னேன். நான் அவளை விட்டு விலகியதுகூட அவளுக்குத் தெரியாது.

கையேட்டில் உள்ள அறிகுறிகள் இந்த 11 நாளில் ஒவ்வொன்றாக வந்து போயிருக்கின்றன. கைவிடப்பட்டுவிடுவோம் என்ற அச்சம். அதைத் தவிர்க்க ஓடிப்போய்க் காலைப் பிடிப்பவர்களும் உண்டு, என்னைப் போல் அவர்கள் போவதற்கு முன்பு நாமே போய்விடுவோம் என்று விலகிக்கொள்பவர்களும் உண்டு. ஒருவரை உச்சியில் வைத்துவிட்டு அடுத்த நிமிடம் கீழே தள்ளுவது. எங்களைப் போன்றவர்கள் கடைசியில் தள்ளுவது எங்களையேதான். கட்டுக்கடங்காத கோபம், அது அந்த மூடிய டப்பாவில் இருந்தது. வெறுமை என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது துக்கம் அல்ல. துக்கத்தில் ஒரு கனம் இருக்கிறது, அழ முடிகிறது. இது, ஞாயிற்றுக்கிழமை மாலையில் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது, இந்தத் துணியை உடுத்துபவள் என்று ஒருத்தி இருக்கிறாளா என்ற ஐயம் வருவது. யாரோடு இருக்கிறேனோ அவர்களுக்குப் பிடித்தது எனக்கும் பிடிக்கும்; தனியாக இருந்தால் எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. எங்கள் பக்கத்தில் அதை அனுசரித்துப் போகும் குணம் என்று சொல்வார்கள்.

28 வயதில் முதன்முதலாக ஒரு மருத்துவரிடம் போனேன். தூக்கமில்லை, அழுகை வருகிறது என்றேன். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். நான்கு ஆண்டுகள் அந்த மாத்திரைகள் மாறிக்கொண்டே இருந்தன. கடைசிவரை அவர் என்னிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்தத் துயரம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது. மனச்சோர்வு நோய் என்றால் குறைந்தது இரண்டு வாரம் நாளின் பெரும்பகுதியும் மனம் தாழ்ந்தே கிடக்கவேண்டும். எனக்கோ காலை 8 மணிக்குச் செத்துவிடலாம் என்றிருக்கும். 11 மணிக்கு மேலாளர் நன்றாக வேலை செய்திருக்கிறாய் என்றால் உலகமே நல்லதாகிவிடும். மாலை 4 மணிக்கு ஒரு வாட்ஸாப் செய்திக்கு நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்றால் மறுபடியும் பாதாளம். சில மணி நேரத்தில் ஏறி இறங்குவதும், பெரும்பாலும் உறவில் நடக்கும் ஏதோ ஒன்றால் அது தூண்டப்படுவதும்தான் இந்த நோயின் அடையாளம். மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயில் எழுச்சி சில நாள்களாவது நீடிக்கும் என்பதால் அதிலிருந்தும் இது வேறுபடுகிறது. இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் வரலாம் என்பதால் இதை வைத்து யாரும் தாங்களே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் உங்கள் மருத்துவர் நேரத்தைப் பற்றிக் கேட்காவிட்டால், நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லியிருந்தால் நான்கு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இது எங்கிருந்து வந்தது என்பதை நான் யார் மீதும் குற்றம் சுமத்துவதற்காகத் தேடவில்லை. எனக்கு 7 வயதானபோது அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வேலை; அம்மாவுக்கு மூன்றாவது பிரசவம்; என்னைக் குடியாத்தத்தில் ஆயா வீட்டில் விட்டார்கள். மூன்று ஆண்டு அங்கேயே படித்தேன். ஞாயிறன்று அம்மா வந்து மாலையில் திரும்பும்போது நான் அழுதால் ஆயா, "அழுதா அம்மா அடுத்த வாரம் வராதுமே" என்பாள். ஆயா அன்பானவள், வீட்டின் பின்கட்டில் மூட்டுவலியோடு தீப்பெட்டி ஒட்டி எனக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தவள். அவளுக்குத் தெரிந்த வழியில் என் அழுகையை நிறுத்தினாள். நான் கற்றுக்கொண்டது, அழாமலிருந்தால் ஆட்கள் திரும்பி வருவார்கள் என்பதை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷா லினஹன் இந்த நோய்க்குச் சொன்ன விளக்கம் இதுதான்: பிறவியிலேயே உணர்ச்சி வேகமாக மூண்டு மெதுவாகத் தணியும் இயல்புள்ள ஒரு குழந்தை, நீ உணர்வது தவறு என்று திரும்பத் திரும்பச் சொல்லும் சூழலில் வளர்ந்தால், இரண்டும் சேர்ந்து இந்த நிலை உருவாகிறது. இயல்பு மட்டும் போதாது, சூழல் மட்டும் போதாது. என் தங்கையும் ஆயா வீட்டில் வளர்ந்தவள்தான், அவளுக்கு ஒன்றுமில்லை. வெளிப்பார்வைக்குத் திறமையாக எல்லாவற்றையும் சமாளிப்பதுபோல் தோன்றுவதால் சுற்றியிருப்பவர்கள் உள்ளே நடப்பதை அறியாமலே போவதையும் லினஹன் தனியாகக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் அழுதேன்.

புதிய மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி வேறாக இருந்தது. "கடைசியா யார் மேல கோவப்பட்டீங்க?" என்றார். எனக்குக் கோபமே வராது டாக்டர் என்றேன், பெரியம்மாவின் அதே குரலில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரச் சொன்னார்: நேரம், என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, மனத்தில் என்ன வாக்கியம் ஓடியது, அதன் வேகம் பத்துக்கு எத்தனை. லாங் சைஸ் நோட்டில் பேரேடு போல ஐந்து பத்தி கிழித்து எழுதினேன். 'செவ்வாய், மாலை 6.10. கொழம்புல உப்பு கம்மி என்று மாமியார் சொன்னார். தாடை இறுகியது, காது சுட்டது. நான் எதற்கும் லாயக்கில்லை. 8.' இரண்டு வாரத்தில் 31 வரிகள். அவற்றை அவர் மேசைமேல் விரித்து, நான்காவது பத்தியைக் கையால் மறைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் படிக்கச் சொன்னார். தாடை இறுகியது. காது சுட்டது. பல் கடித்தது. கைவிரல் மடங்கியது. "இதெல்லாம் இன்னாம்மா?" என்றார். ஒரு வரிகூடத் துக்கத்தின் வரி இல்லை. உடம்பு 31 முறையும் கோபப்பட்டிருந்தது; அதை நான்காவது பத்தியில் நான் ஒவ்வொரு முறையும் என் பெயருக்கு மாற்றி எழுதியிருந்தேன்.

சிகிச்சையைப் பற்றித் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே பலரும் மாத்திரையை மட்டுமே சிகிச்சை என்று நினைக்கிறோம். இந்த நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை தரலாம். முதன்மையான சிகிச்சை பேச்சு வழியும் பயிற்சி வழியும் நடப்பது. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது லினஹன் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. அதன் முதல் ஆய்வு முடிவு 1991-இல் வெளிவந்தது. தாமும் இளமையில் இதே துயரத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். மனத்தை நிகழ்காலத்தில் நிறுத்துவது, நெருக்கடியைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவில் கேட்கவேண்டியதைக் கேட்பது என்று நான்கு பகுதிகளாக அதைக் கற்றுத்தருகிறார்கள். முழுமையான முறையில் அதை நடத்தும் இடங்கள் நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை. எனக்கு வாரம் ஒருமுறை ஓர் உளவியலாளர் அதன் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். அதுவே எனக்குப் பெரிதும் உதவியது.

நெருக்கடிக்கு என்று முதலில் கற்றுக்கொண்டது குளிர்ந்த நீர். அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு நெற்றியும் கன்னமும் கண்ணைச் சுற்றிய பகுதியும் நனைய முகத்தை அரை நிமிடம் அமிழ்த்தினால், நீரில் மூழ்கும்போது உடம்பு தானாகச் செய்வதுபோல் இதயத் துடிப்பு குறைகிறது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. வேலூரில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. கத்திரி வெயிலில் மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதில் முகத்தை வைத்துப் பயனில்லை. அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை மண்பானை நீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு ஓர் எவர்சில்வர் குண்டானில் வைத்துக்கொள்வேன். ஆபீஸில் என்றால் ஐஸ் வாட்டர் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றி இரு கண்களுக்கும் கீழே அழுத்திக்கொள்வேன். இது எதையும் தீர்ப்பதில்லை. 9-இல் இருப்பதை 6-க்குக் கொண்டுவருகிறது. 6-இல் யோசிக்க முடியும்.

அடுத்தது, நடந்ததையும் நான் அதன்மேல் ஏற்றிய பொருளையும் பிரித்து எழுதுவது. 'அவள் பக்கத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள்' என்பது நடந்தது. 'அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்பது நான் ஏற்றியது. எளிதாகத் தோன்றும், ஆனால் எனக்கு இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடவே ஆறு மாதம் பிடித்தது.

ஆனால் உள்முகமாகத் திரும்பிய நோய் உள்ளவர்களுக்கு இவற்றைவிடக் கடினமானதும் இவற்றைவிட முக்கியமானதும் ஒன்று உண்டு. வருத்தத்தை உரியவரிடம், உரிய அளவில், ஒரு நாள் கழிவதற்குள் சொல்வது. எங்களிடம் எல்லோரும் பொறுமையாக இரு, மனத்தில் வைத்துக்கொள்ளாதே, விட்டுவிடு என்கிறார்கள். கோபத்தை வெளியே கொட்டுகிறவருக்கு அந்த அறிவுரை ஒருவேளை பொருந்தலாம். எனக்கு அது நோயையே மருந்தாகக் கொடுப்பது. நான் பொறுத்ததெல்லாம் போதும். பொறுக்காமலிருக்கத்தான் பயிற்சி தேவைப்பட்டது. உளவியலாளர் வகுத்துக் கொடுத்த சட்டம் இது: 4-க்கு மேல் மதிப்பெண் போட்டால், மறுநாள் அதே நேரத்துக்குள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லவேண்டும், அந்த வாக்கியத்தில் மன்னிப்பு இருக்கக் கூடாது.

முதல் வாக்கியத்தைத் தோழியிடம்தான் சொன்னேன், பஸ் விஷயம் நடந்து ஓர் ஆண்டுக்கும் மேலான பிறகு. "அன்னிக்கு நீ என் சீட்டை வேற ஒருத்திக்குக் குடுத்தது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு." தொண்டை அடைத்தது. அவளுக்கு முதலில் எந்த நாள் என்றே நினைவுக்கு வரவில்லை. பிறகு, "அட, அந்தப் பொண்ணுக்கு வாந்தி வருதுன்னு ஜன்னலோரம் உட்கார வெச்சேன்மே. நீ அப்பவே கேட்டிருக்கலாமில்ல?" என்றாள். நான் 11 நாள் சாப்பாட்டைக் குறைத்ததற்கும், நான்கு ஆண்டு நட்பை எனக்குள் எரித்ததற்கும் காரணம் ஒரு பெண்ணின் பயணக் குமட்டல். எனக்குக் கோபம் வந்தது, அவள்மீதல்ல, என்மீதும் அல்ல. இத்தனை எளிய கேள்வியைக் கேட்க எனக்கு யாரும் கற்றுத்தராமல் போனார்களே என்று.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். என் கணவரிடமிருந்து கற்றதைச் சொல்கிறேன். அவர் காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மனநலம் பற்றி எதுவும் படித்தவரல்ல. நான் பேச நினைக்கும்போது அவரால் முடியவில்லை என்றால் 'அப்புறம் பேசலாம்' என்பார். அந்த 'அப்புறம்' எனக்குள் ஒரு பெரும்பள்ளமாக விரியும். இப்போது, "எட்டு மணிக்குப் பேசலாம்" என்கிறார், எட்டு மணிக்கு வந்து உட்காருகிறார். அந்த ஒரு மாற்றம் எங்கள் வீட்டில் பல இரவுகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதோடு, 'இதுக்குப் போயா அழற' என்ற வாக்கியத்தை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அமைதியாக இருக்கும் பிள்ளையிடம் சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை; என்னிடம் மருத்துவர் அப்படிக் கேட்டபோது பல ஆண்டுகளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. எங்கள் நோயில் இது வெறும் எண்ணம் என்று ஒதுக்கத்தக்கதல்ல. அந்த நேரத்தில் 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை; தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

இந்தியாவெங்கிலுமிருந்து, வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி வைத்தியத்துக்கு வரும் ஊர் இது. பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் முறையை 1950-களிலேயே தொடங்கியதற்காக அறியப்பட்டது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் பாகாயம் என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், யார் காதிலாவது விழுந்தால் தங்கைக்கு வரன் அமையாது என்று. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியின் விவரம் ரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

குணமாகுமா என்று அம்மா கேட்டாள். அமெரிக்காவில் மேரி ஜனரினி என்பவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 290 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். 10 ஆண்டுகளில் அவர்களுள் 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடிக்கும் அளவுக்கு அறிகுறிகள் விலகியிருந்தன. நல்ல வேலையும் நெருக்கமான உறவும் கூடிய முழு மீட்சி ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. இரண்டு எண்ணையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் முதல் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாள். அது அவளுக்கு இருக்கட்டும்.

போன மாதம் ஒரு மாலை, எனக்காக நான் எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணத்தை என்னைக் கேட்காமல் கணவர் பட்டறைக்கு எடுத்துவிட்டார். தாடை இறுகியது, காது சுட்டது. குண்டானைத் தேடிப் போகாமல் கூடத்திலேயே நின்று, "என்னைக் கேக்காம எப்படி எடுப்பீங்க?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 20 நிமிடம். கையில் பால் பாக்கெட்டோடு வந்து, "கேட்டிருக்கணும். தப்புதான்" என்று சொல்லிவிட்டு, பாலைக் காய்ச்ச உள்ளே போனார்.

அன்றிரவு நோட்டில் எழுதினேன். 'வெள்ளி, இரவு 7.15. கோபம், 7. சொன்னேன். திரும்பி வந்தார்.' நான்காவது பத்தியில் எழுத எதுவும் இல்லை.